உஷார்! 222-க்குப் பக்கத்தில் ‘ஒய்1’ என்று இருந்ததா?

சாயந்திரம் இடி இடித்தால், மறுநாள் காலை பண்டாரவளை டவுனில் ரிப்பேர் கடை மேசைகள் நிரம்பிவிடும். ரவுட்டர், டிஷ் பெட்டி, எல்ஈடி டிவி, ஃபோன் சார்ஜர் என்று பூணாகலையிலிருந்தும் கொஸ்லாந்தையிலிருந்தும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் ஊவா மலைப்பக்கம் இதுதான் நிலைமை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தவணையில் வாங்கிய டிவி. புதிது வாங்க வழியில்லை. “எப்படியாவது சரி பண்ணிக் குடுங்கண்ணே” என்று கேட்கிறார்கள். கடைக்காரரும் மனமிரங்கிச் செய்து கொடுக்கிறார்.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஏதோ ஒரு சாமான் வெடித்துக் கிடக்கும். மேலே அச்சடித்த எழுத்து பாதி கருகியிருக்கும், மீதியில் இரண்டு எண்கள் தெரியும். கடைக்காரர் பழைய போர்டுகளில் கழற்றிச் சேர்த்த டப்பாவைக் கவிழ்க்கிறார். அதே நிறம், அதே பருமன், அதே இரண்டு கால்கள் கொண்ட ஒன்று கிடைக்கிறது. ஈயம் வைக்கிறார், டிவி ஓடுகிறது, காசு கை மாறுகிறது. அந்த டிவி ஒரு லயத்துக்குப் போகிறது. அங்கே அதைத் தொடப் போவது பிள்ளைகள்.

உஷார் என்று நான் கத்துவது இந்த இடத்தில்தான். டிவி ஓடுகிறது என்பதால் சரியான சாமானைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று ஆகிவிடாது. அச்சில் எண்ணை மட்டும் படித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தை விட்டுவிடுகிறோம். அந்தச் சின்ன எழுத்துதான் ஆளைச் சாகாமல் காப்பது. தோட்டத்து செக்ரோலில் பெயரை மட்டும் பார்த்துச் சம்பளம் போடுவதில்லை, நம்பரையும் பார்த்துத்தான் போடுகிறார்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தக் கவனம் ஏன் இல்லாமல் போகிறது?

நீல நிறத்தில், துவரம் பருப்பைவிடச் சற்றுப் பெரிய வட்டமான கெப்பாசிட்டர் ஒன்று ஏறத்தாழ எல்லா சார்ஜரிலும் டிவி பவர் போர்டிலும் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் ‘222எம்’ என்று இருக்கும். அதன் கீழோ பக்கத்திலோ ‘ஒய்1’ என்று சிறிதாக, கூடவே 250 அல்லது 400 வோல்ட் என்று, சில பரிசோதனை முத்திரைகளோடு இருக்கும். 222 என்றால் 22-க்குப் பின் இரண்டு சைபர், அதாவது 2,200 பிக்கோ ஃபரட். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஒய்1 என்பதன் பொருள் வேறு. கரண்ட் நேரடியாக ஓடும் பக்கத்துக்கும் மனிதக் கை படும் பக்கத்துக்கும் குறுக்கே வைக்கத் தகுதியான கெப்பாசிட்டர் இது என்பதே அதன் பொருள். ஐஈசி 60384-14 என்ற சர்வதேசத் தரத்தின்படி ஒய்1 வகையை 8,000 வோல்ட் அதிர்ச்சி கொடுத்துச் சோதிக்கிறார்கள், ஒய்2 வகையை 5,000 வோல்ட் கொடுத்து. பழுதானாலும் ஷோர்ட் ஆகி ஆளுக்கு ஷொக் கொடுக்காத மாதிரி அதன் உடம்பையே அமைக்கிறார்கள்.

டப்பாவில் கிடைக்கும் இன்னொரு நீல வட்டத்திலும் ‘222எம்’ இருக்கும், பக்கத்தில் ‘1கேவி’. “இது ஆயிரம் வோல்ட், பழையது நானூறுதான். அப்ப இது இன்னும் பலமானதுதானே?” என்று பயிற்சி முடித்த தம்பிமார்கூடக் கேட்கிறார்கள். இல்லை, தம்பி. அந்த ஆயிரம் வோல்ட் சாதாரண வேலைக்கான அளவு. மின்னல் ஏறி வரும்போது அது தாங்கும் என்று யாரும் சோதித்துச் சான்று கொடுக்கவில்லை. பழுதானால் அது ஷோர்ட் ஆகலாம். அது ஷோர்ட் ஆகும் அந்த நொடியில் 230 வோல்ட் டிவியின் உலோகச் சட்டத்துக்கு வந்துவிடுகிறது.

எழுத்து பாதி அழிந்து ‘22’ மட்டும் தெரிகிறது, மூன்றாவது எண் கருகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 222-க்குப் பதில் 224 போட்டால் என்ன ஆகும்? 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் லைனில் 2,200 பிக்கோ ஃபரட் வழியாகக் கசிவது ஏறத்தாழ 0.16 மில்லி அம்பியர். டிவியின் பின்னால் கை பட்டால் லேசாகச் சுரசுரக்கும், அவ்வளவுதான். 224 என்றால் 0.22 மைக்ரோ ஃபரட், அதாவது நூறு மடங்கு. கசிவும் நூறு மடங்கு, ஏறத்தாழ 16 மில்லி அம்பியர். சுமார் 10 மில்லி அம்பியரைத் தாண்டினாலே தசை இறுகிவிடும், பிடித்த கையை விட முடியாமல் போகலாம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். வீடுகளுக்குப் போடும் ட்ரிப் சுவிட்ச் வழக்கமாக 30 மில்லி அம்பியருக்கானது. 16-க்கு அது விழும் என்று நம்ப முடியாது. ஒரு எண் தவறினால், பாதுகாப்பு இருக்கும் வீட்டிலேயே பாதுகாப்பு இல்லை.

லயத்தில் இந்த ஆபத்து டிவியோடு நிற்பதில்லை. டிஷ் கேபிளின் வெளிப் பின்னல் டிவியின் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. கேபிளின் மறுமுனை டிஷ்ஷின் உலோகத்தில், டிஷ் தகரக் கூரையிலோ அதைத் தாங்கும் இரும்பிலோ. ஒரே தகரக் கூரை வரிசையாகப் பல வீடுகளுக்கு. கூரையிலிருந்து துணி காயப்போடும் கம்பி வேறு ஓடுகிறது. முதல் காம்பராவில் தவறாக மாற்றிய ஒரு கெப்பாசிட்டர், நாலாவது காம்பராவில் ஈரத் துணியோடு கம்பியைத் தொடும் பெண்ணுக்கு ஷொக் கொடுக்க முடியும். லயங்களில் தீப்பிடித்த செய்தி வரும்போதெல்லாம் ‘மின்னொழுக்கு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். ஒழுக்கு எந்தச் சாமானில் தொடங்கியது என்று யாரும் கிளறிப் பார்ப்பதில்லை.

2014-இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஓர் இளம் பெண் இறந்தபோது, தரமில்லாத மலிவு சார்ஜர் மீதே சந்தேகம் விழுந்தது. அதன் பிறகு அந்த மாநில அரசு இத்தகைய சார்ஜர்கள் பற்றி எச்சரிக்கை விடுத்தது. 2016-இல் பிரித்தானியாவில் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களை யூஎல் பரிசோதனை நிறுவனத்திடம் கொடுத்துச் சோதித்தார்கள். ஷொக் அடிக்காத அளவுக்குக் காப்பு இருந்தவை மூன்றே மூன்று. வெளியே அச்சடித்த பெயரும் முத்திரையும் எல்லாவற்றிலும் இருந்தன.

ரிப்பேர் செய்கிறவர் போர்டைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது எல்லைக் கோட்டை. பவர் போர்டின் அடிப்பக்கம் செம்புத் தடங்கள் இல்லாத அகலமான ஒரு வெற்றுப் பாதை குறுக்கே போகும். சில போர்டுகளில் வெள்ளைக் கோடு, சிலவற்றில் நீளமாக வெட்டிய துளை. ஒரு பக்கம் லைன் கரண்ட், மறுபக்கம் நாம் தொடுவது. இந்த எல்லையைத் தாண்டிக் கால் வைக்கும் சாமான்கள் பெரும்பாலும் மூன்றே வகை: டிரான்ஸ்ஃபோமர், பிசி817 போன்ற நாலு கால் ஒப்டோகப்ளர், ஒய் வகைக் கெப்பாசிட்டர். இவற்றில் எதையும் ‘இதே மாதிரி’ என்று மாற்றாதீர்கள். எழுத்து தெரியவில்லையா? அதே ரக போர்டு இன்னொன்றைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மின்னல் சாமானுக்கு வருகிறேன். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. ஃபியூஸுக்குப் பக்கத்தில் வட்டமாக நிற்கும் இரண்டு சாமான்கள் ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் ‘10டி471’, இன்னொன்றில் ‘10டி-11’. முதலாவது வாரிஸ்டர், மின்னல் வேகத்தில் வரும் அதிக வோல்ட்டைத் தன்மேல் வாங்கிக்கொள்வது. அதில் டி-க்கு முன்னால் உள்ள 10 வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 471 என்றால் 470 வோல்ட். இரண்டாவது என்டிசி தேர்மிஸ்டர், சுவிட்ச் போடும்போது பாயும் கரண்ட்டைத் தணிப்பது. அதில் முன்னால் உள்ள 10 ஓம் கணக்கு, பின்னால் உள்ள 11-தான் விட்டம். எழுத்தின் வரிசை ஒன்று, அர்த்தம் தலைகீழ். வாரிஸ்டர் இருந்த இடத்தில், அதாவது லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில், 10 ஓம் தேர்மிஸ்டரை வைத்தால் 23 அம்பியர் பாயும். ஃபியூஸ் உடனே போக வேண்டும். ஆனால் போன தடவை ஃபியூஸுக்குப் பதிலாக யாராவது செம்புக் கம்பி சுற்றியிருந்தால்? போர்டு எரியும், பிறகு மேசை, பிறகு திரைச்சீலை.

471-க்கும் 221-க்கும் கூடப் பார்வையில் வித்தியாசம் தெரியாது. 221 என்பது 100, 110 வோல்ட் லைனுக்கான வாரிஸ்டர். ஜப்பானில் ஓடிய பழைய சாமான்கள் இங்கே நிறைய வருகின்றன, அங்கே லைன் 100 வோல்ட். அந்தப் போர்டில் கழற்றியதை நம் 230-இல் வைத்தால் சுவிட்ச் போட்டதும் முகத்துக்கு நேரே வெடிக்கும். வெடித்த வாரிஸ்டரைக் கழற்றிவிட்டு, “அது இல்லாமலும் ஓடுது” என்று திருப்பிக் கொடுக்கிற கடைகளும் உண்டு. ஓடும். அடுத்த இடியில் டிவியைக் காக்க ஒன்றும் இருக்காது.

டிரான்சிஸ்டரில் ஆள் சாவது குறைவு, ஆனால் போர்டு சாகிறது. ‘சி1815’ என்று இருந்தால் அதன் முழுப்பெயர் 2எஸ்சி1815. ஜப்பானிய முறையில் முன்னால் உள்ள 2எஸ்-ஸை அச்சில் விட்டுவிடுவார்கள். ஏ, பி என்றால் பிஎன்பி வகை. சி, டி என்றால் என்பிஎன். ஜே, கே என்றால் ஃபெட். டி என்று பார்த்ததும் டயோட் என்று எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே உருவத்தில் இருக்கும் மூன்றைப் பாருங்கள். தட்டையான எழுத்துப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து பிசி547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். சி1815-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். சிஎஃப்எல் பல்பில் வரும் 13003-இல் இன்னும் மோசம். ஒரே எண், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி கால் வரிசை மாறுகிறது. ரெகுலேட்டரில் 7805-க்கு இன்புட், கிரவுண்ட், அவுட்புட், 7905-க்கு கிரவுண்ட், இன்புட், அவுட்புட். நடுவில் ஒரு எண்தான் வேறு.

சின்ன எஸ்எம்டி சாமான்களுக்கு இப்போது எல்லாரும் ஃபோனைத்தான் நம்புகிறார்கள். கேமராவைக் காட்டினால் அது ஒரு பெயரைச் சொல்கிறது, தயங்காமல் சொல்கிறது. பயம் அதனால்தான். மூன்று கால் கொண்ட அந்தத் துணுக்கின் நீளமே சுமார் 3 மில்லிமீட்டர். இரண்டு மூன்று எழுத்துக்குத்தான் இடம். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு குறியை வைத்துக்கொள்கிறது, அதே குறியை இன்னொரு கம்பெனி வேறொன்றுக்கு வைக்கிறது. ‘1ஏ’ என்பது ஓரிடத்தில் 65 வோல்ட் தாங்கும் பிசி846ஏ, இன்னோரிடத்தில் 40 வோல்ட்டே தாங்கும் 3904 ரகம். ரெசிஸ்டரில் ‘100’ என்று இருந்தால் நூறு ஓம் என்று படிக்கக் கூடாது, பத்து ஓம். நூறு ஓமுக்கு ‘101’. ‘103’ என்று இருப்பதும் ‘01சி’ என்று இருப்பதும் ஒரே 10 கிலோ ஓம்தான், குறியிடும் முறைதான் வேறு. ஃபோன் சொல்வதைத் தொடக்கமாக எடுங்கள். அந்தச் சாமான் போர்டில் என்ன வேலை செய்கிறது என்று தடத்தைப் பின்தொடர்ந்து பார்த்து, கம்பெனியின் டேட்டா ஷீட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் ஈயம்.

எழுத்து முழுசாகத் தெரிந்தாலும் அது பொய்யாக இருக்கலாம். 2012 மே மாதம் அமெரிக்க செனட் ஆயுதப்படைக் குழு வெளியிட்ட அறிக்கை, இராணுவத்துக்கான விநியோகத்தில் சந்தேகத்துக்குரிய போலிச் சாமான்கள் சுமார் 1,800 சம்பவங்களில் பிடிபட்டதாகவும், அவற்றின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியதாகவும் சொன்னது. பழைய ஐசியின் முகத்தைச் சுரண்டி, கறுப்பு பூசி, புது எண் அச்சடித்து விற்கிறார்கள். அமெரிக்க இராணுவத்தின் கிடங்குக்குள்ளேயே அது நுழைந்தது என்றால், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ வராமலா இருக்கும்? இங்கே அதிகம் அடிபடுவது கோயில் திருவிழா ஆம்பிளிஃபயர்கள். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற ஜோடி, தோஷிபா கணக்கில் 15 அம்பியர், 150 வாட். உள்ளே சின்னச் சில்லை வைத்து மேலே அதே எண்ணைப் போட்ட போலி ஏராளம். தீமிதி நேரம் சத்தத்தை ஏற்றும்போது அது ஷோர்ட் ஆனால், நேர் கரண்ட் ஸ்பீக்கருக்குள் இறங்கிச் சுருளை எரிக்கும். பக்கத்தில் பந்தல் துணி. வாங்கும்போது நெயில் பொலிஷ் அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து முகத்தைத் தேயுங்கள். கறுப்பு பஞ்சில் ஏறினால் திருப்பிக் கொடுங்கள். ஏறவில்லை என்பதற்காக மட்டும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். வண்ணம் பூசாமல் எந்திரத்தால் சுரண்டி எழுதுவதும் உண்டு.

டோர்ச்சுக்குப் போடும் 18650 பெட்டரியும் அப்படித்தான். இரவில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கும் மரக்கறித் தோட்டக்காரர்கள் தலையில் கட்டுவது. 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருக்கிறது. நல்ல கம்பெனிகள் செய்வதே சுமார் 3500 வரைக்கும்தான். அந்த அளவு உடம்பில் 9900 அடங்காது. எண்ணில் பொய் சொன்னவன் உள்ளே இருக்கும் பாதுகாப்பிலும் பொய்தான் சொல்லியிருப்பான்.

2022 நெருக்கடியில் டொலர் இல்லாமல், இறக்குமதிக் கட்டுப்பாட்டால் சாமான் வராமல், பழைய போர்டில் கழற்றிப் போடுவது வழக்கமாகிவிட்டது. அதை நான் குறை சொல்லவில்லை. பழசைச் சரிசெய்து ஓட்டுவது நல்ல காரியம், அதில் கைதேர்ந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கழற்றும்போதே எழுத்தை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், எந்த போர்டில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று டப்பாவில் எழுதி ஒட்டுங்கள். ஒய், எக்ஸ் குறி உள்ள கெப்பாசிட்டர்களையும் வாரிஸ்டர்களையும் மட்டும் பழசு போடாதீர்கள், புதிதாக வாங்குங்கள். அதிர்ச்சியை வாங்கி வாங்கித் தேய்வதுதான் அவற்றின் வேலை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே எழுதியிருக்காது. ஃபியூஸில் ‘டி3.15ஏ’ என்றால் டி என்பது மெதுவாக அறுவது, எஃப் என்றால் உடனே அறுவது. அதே எழுத்து, அதே அளவு. கம்பி வேண்டவே வேண்டாம்.

எழுத்தைப் படிக்கக் குனியும் முன் பிளக்கைப் பிடுங்கினால் போதாது. பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். மீட்டரை வைத்து அளந்து, ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, மறுபடியும் அளந்த பிறகு தொடுங்கள். வேலை முடிந்ததும் நேராக லைனில் செருகாமல், பழைய குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டுச் சோதியுங்கள். பல்பு பளீரென்று நின்று எரிந்தால் உள்ளே ஷோர்ட். போர்டும் பிழைக்கும், உங்கள் கண்ணும் பிழைக்கும்.

தொழிற்பயிற்சி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களே, ரெசிஸ்டரின் நிறக் கணக்கை மனப்பாடம் செய்ய வைக்கிறீர்கள், நல்லது. அதற்கு முந்திய நாள் ஒரு சார்ஜரை உடைத்து எல்லைக் கோட்டையும் ஒய்1 என்ற எழுத்தையும் பிள்ளைகளின் கண்ணில் காட்டுங்கள். இந்த மாதமே காட்டுங்கள்.

டிவியையோ சார்ஜரையோ ரிப்பேருக்குக் கொடுத்திருக்கும் அம்மா, ஐயா, நீங்கள் கேட்க வேண்டியதும் இருக்கிறது. “எதை மாத்துனீங்க? கழட்டுனதக் குடுங்க” என்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் கடையில் அடுத்த முறை கொடுக்காதீர்கள். வீட்டில் டிவியின் பின்பக்கமோ டிஷ் கேபிளோ கையைச் சுண்டி இழுத்தால், ‘அது எப்பவும் அப்படித்தான்’ என்று விடாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இடி கேட்குமுன் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். யாராவது கரண்டில் ஒட்டிக்கொண்டால் ஆளைத் தொடாதீர்கள், முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், பிறகு 1990-க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். போலிச் சாமான் விற்றவர் மீது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம்.